காற்று போதவில்லை

வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம். அதற்கு நானும் என் தங்கையும் போட்டி. பந்தயத்தைத் தொடங்கி முடித்துவைக்கிற நடுவர் எங்கள் அப்பா. வீட்டுச் சண்டையைக் கடலுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களே என்று கரையில் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாய் கட்டிய பலகையில் நின்று ஓட்டும் பந்தயம் இது. என் பலகை தண்ணீரை உரசிக்கொண்டே போகிற பழைய ரகம். தங்கையுடையதில் அடியில் ஒரு கம்பமும் இறக்கையும் உண்டு. நல்ல காற்று அடித்தால் பலகையே தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும். அப்போது அவளைத் துரத்துவது, கிளம்பிப்போன பஸ்ஸின் பின்னால் ஓடுவது போலத்தான். காற்று தளர்ந்தாலோ அந்த இறக்கையே அவளுக்குப் பாரம். அந்தப் பலகையை அப்பா தேடித் தேடி வரவழைத்தார். "நீ இதுலயே நல்லா ஓட்டுறியே, உனக்கு எதுக்கு?" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

போட்டியாளர்கள் குறைவு என்று எங்கள் பாய்ப்பலகைச் சங்கத்தில் இரண்டு ரகத்தையும் ஒரே பந்தயத்தில் சேர்த்தபோது நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கம் காலைக் காற்று எப்போதும் மந்தம். அந்தத் தைரியம்தான்.

பந்தயத்தன்று காலை நடுவர் படகில் நின்ற அப்பா தொடங்கவே இல்லை. காற்றுமானியைத் தூக்கிப் பிடிப்பதும் உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார். காற்று நன்றாகக் கிளம்பிய பிறகுதான் தொடக்க ஊதலை ஊதினார். தங்கை சிட்டாய்ப் பறந்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கடைசிச் சுற்றில் காற்று படுத்துவிட்டது. தங்கையின் பலகை பொத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தது. பாயை இழுத்து இழுத்து விசிறிப் பார்த்தாள், நகரவில்லை. நான் நிதானமாக அவளைத் தாண்டினேன்.

"அக்கா, இது அநியாயம்!" என்று கத்தினாள்.

அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

முடிவுக்கோட்டை நெருங்கும்போது அப்பாவின் படகிலிருந்து மூன்று முறை ஊதல் கேட்டது. பந்தயம் ரத்து. நான் நிற்காமல் கோட்டைத் தாண்டிப் போய்ப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா நிறுத்துனீங்க?"

"காத்து போதலம்மா. ரூல் இருக்கு."

"காத்து இல்லாமலா நான் வந்து சேந்தேன்?"

"உனக்குப் போதும். ரேஸுக்குப் போதாது."

சங்கத்துச் செயலாளரிடம் முறையிட்டேன். "காத்து எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா" என்று பூசி மெழுகினார்.

மத்தியானம் காற்று வந்தது. மறுபடி ஓட்டினோம். தங்கை கரையேறிப் பாயைச் சுருட்டி முடித்த பிறகுதான் நான் வந்து சேர்ந்தேன்.

அவளைச் சுற்றிக் கூட்டம். அவளுடைய பலகையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அப்பா எனக்குக் கை காட்டினார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தோம்.

"நாளையிலேர்ந்து தங்கச்சிக்கு இளங்காத்துல ஓட்டக் கத்துக்குடும்மா. அதுல உன் அளவுக்கு அவளுக்கு வரல."

"அதான் ஜெயிச்சுட்டாளே. இனிமே எதுக்கு?"

"வெளியூர்ல காத்து படுத்துச்சுன்னா ரேஸ நிறுத்த நான் இருக்க மாட்டேனே" என்றார் அப்பா.