கப்பல் ஆடியதா என்பது பற்றி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் காட்கோபர் கட்டடத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற நாளில் குழாயில் ஒன்றும் வராது. வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் மாடிக்கு வந்து, கழுவுகிறவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்றபோது ஐந்தாம் மாடி கிரீட்பாய் சொன்னார். அவர் மனைவி தருலதாபென் நடுநடுவே திருத்தினார். நான்காம் மாடி ரசீலாபென் எல்லாவற்றையும் மறுத்தார். மூவரும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கப்பலில் சாப்பாடு நன்றாக இருந்தது. அதிலும் தருலதாபென் கதை நடந்த நாளில் சாப்பிடவே இல்லை.

கடிதம் எழுதிப் பழகிய கை இது. விவரத்தை வரிசையாகச் சொல்லி, 'நிற்க' என்று போட்டு, அடுத்த விவரத்துக்குப் போகும். கதையிலும் அப்படியே போகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நிற்க.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அன்று அரபிக்கடல் ஒரு நீலப் பட்டு விரித்தாற்போல..."

(விட்டுவிட்டேன். காட்கோபர் மாடியிலிருந்து கடல் தெரியாது. தெரிவதெல்லாம் அடுத்த கட்டடத்தின் தொட்டி.)

இரண்டாவது: "விரதம் என்பது மனித மனத்தின்..."

(இதை யார் எழுதினார்கள் என்றே தெரியவில்லை.)

மூன்றாவது: "கிரீட்பாய் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்."

இது நடந்தது. இதை வைத்துக்கொள்கிறேன்.

கிரீட்பாய் மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டில் துணி வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். மீட்டர் மீட்டராக அளந்த கை, அதுவரை ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டதில்லை. தருலதாபென் அப்போது வர்ஷீதப் விரதத்தில் இருந்தார். ஒரு நாள் உபவாசம், மறுநாள் இரண்டு வேளை சாப்பாடு, மறுபடி உபவாசம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடுகிற ஜைன விரதம் அது. உபவாச நாளில் காய்ச்சிய தண்ணீர் மட்டும்தான். அதுவும் பொழுது சாய்வதற்குள். அட்சய திருதியை அன்று கரும்புச்சாறு குடித்து முடிப்பார்கள். மண்டபம் பேசி, உறவுக்கெல்லாம் சொல்லி, கரும்புக்கும் ஆள் பார்த்தாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மகன் நிமேஷ், கல்யாண நாள் பரிசு என்று இருவருக்கும் கப்பல் சீட்டு வாங்கிவந்து நின்றான். மும்பையில் ஏறி, கோவா பார்த்துத் திரும்புவது.

"விரதம் முடியட்டுமேடா," என்றார் தருலதாபென்.

"அதுக்குள்ள கப்பல் சீசன் முடிஞ்சிடும் மம்மி. சீட்டைத் திருப்பிக் குடுக்க முடியாது. ஆனா ஒண்ணு. டாக்டர் என்ன சொன்னார், உபவாசத்தன்னிக்குத் தண்ணீர் குறையக் கூடாதுன்னாரா இல்லையா? கப்பல்ல உங்களுக்கு ஒரு தடவை தலை சுத்துச்சு, விரதம் அங்கயே முடிஞ்சுது. பப்பா, நீங்கதான் சாட்சி. நீங்களே குளுக்கோஸ் கரைச்சுக் குடுக்கணும். வாக்குக் குடுங்க."

கிரீட்பாய் கொடுத்தார். தருலதாபென்னும் கொடுத்தார். மகன் சீட்டு வாங்கிவிட்டான். வேறு என்ன கொடுப்பது?

அதனால்தான் கிரீட்பாய் அடுப்படிக்குள் போனார். பயணம் முழுக்க மனைவிக்கு வேண்டிய தண்ணீரைத் தன் கையாலேயே காய்ச்சி, ஆற வைத்து, மருமகள் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய காலி பாட்டில்களில் ஊற்றி, பெட்டியில் அடுக்கி, நாடா ஒட்டி, மேலே குஜராத்தியில் 'காய்ச்சிய தண்ணீர்' என்று எழுதினார்.*

"ஏங்க, நான் காச்சிக்கறேனே," என்று தருலதாபென் கதவைத் திறந்து வாசலில் நின்றார்.

"நீ நகரு தரு. உன் புண்ணியத்துல எனக்கு ஒரு பங்கு வேண்டாமா?"

* அடிக்குறிப்பு போல ஒன்று: கப்பல், பாட்டில், தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் வந்தால் தமிழ் வாசகர் வேறு மாதிரி சிரிக்கத் தயாராகிவிடுவார். குஜராத்தியில் அந்தச் சிரிப்பு கிடையாது. தருலதாபென்னுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

3

கப்பலேறும் வாசலில் சோதனை மேசை. பெட்டியைத் திறக்கச் சொன்ன பெண் காவலாளிக்கு நிமேஷைவிட வயது குறைவு.

"இது என்ன அங்கிள்?"

"தண்ணீர்."

"எல்லாத்துலயும் மூடி சீல் உடைஞ்சிருக்கே."

"உடைக்காம எப்படிம்மா உள்ள ஊத்தறது?"

"வெளித் தண்ணீர் பாட்டில் உள்ள விடறதில்லை அங்கிள். போன தடவை ஒரு குடும்பம் இப்படித்தான். அதுலயும் தண்ணீர்னுதான் எழுதியிருந்துச்சு."

"எங்க வீட்டுல வெங்காயமே வராதும்மா."

"அவங்களும் அதான் சொன்னாங்க."

ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "வாசனையே இல்லையே."

"அதான் சொல்றேன்."

"வாசனை இல்லாததாப் பாத்துத்தான் இப்பல்லாம் கொண்டுவர்றாங்க."

பின்னால் வரிசையில் ரசீலாபென். அதே பயணத்துக்கு அவரும் வந்திருந்தார். மகள் வாங்கிக்கொடுத்த சீட்டு. "கிரீட்பாய், ஒத்துக்கிட்டு நகருங்க. வெயில்ல நிக்க முடியலை."

பெட்டி வாசலிலேயே தங்கியது. திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு கட்டினார்கள். கிரீட்பாய் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி, அவர் வந்ததும் அவருடைய மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லி, சங்கத்துக்குச் சொல்வேன், பத்திரிகைக்கு எழுதுவேன் என்று நெடுநேரம் போராடினார். தருலதாபென் அவர் சட்டைக் கையை இழுத்துக்கொண்டே இருந்தார். "விடுங்க. போவோம்."

(இங்கே ஒரு விஷயம் வாசகருக்குச் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவர்கள் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள். கடிதத்தில் அப்படிச் செய்தால் அடுத்த தபாலில் திட்டு வரும். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கிரீட்பாயிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

காய்ச்சிய தண்ணீருக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்தால் பச்சைத் தண்ணீர்தான். விரதக்காரர்கள் தொட மாட்டார்கள். காலையில் காய்ச்சியது மறுநாள் விடிகிறவரை தாங்காது. கிரீட்பாய் போராடியது அத்தனையும் ராத்திரியோடு காலாவதியாகிற தண்ணீருக்காக. பிறந்ததிலிருந்து ஜைன வீட்டில் இருப்பவருக்கு அது தெரியவில்லை. தண்ணீர் வேளாவேளைக்குத் தம்ளரில் வந்துகொண்டிருந்தால் எப்படித் தெரியும்? தருலதாபென்னுக்கு அடுப்படி வாசலில் நின்றபோதே தெரியும். வியர்த்து வழிந்துகொண்டு ஒருவர் தனக்காகத் தண்ணீர் காய்ச்சுவதைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை. அவர் தன் பங்குக்கு ஒரு சின்ன மின்சாரக் கெட்டிலைப் புடவைக்குள் சுற்றி வைத்திருந்தார். கிரீட்பாய் சண்டை போட்ட நேரத்தில், பக்கத்து மேசையில், தீ ஆபத்து என்று அதுவும் சத்தமில்லாமல் போய்விட்டது.

4

மறுநாள் உபவாசம். கப்பல் நடுக்கடலில். கைப்பேசி செத்துக் கிடந்தது.

காலையில் அறைக்குத் தண்ணீர் கேட்டார்கள். காய்ச்சிய தண்ணீர் என்று மூன்று தடவை சொன்னார் கிரீட்பாய். பையன் கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்தான். மேலே ஐஸ் கட்டி மிதந்தது.

"காச்சினதுதான் சார். குடிக்க இதமா இருக்கட்டும்னு ஐஸ் போட்டேன்."

திருப்பி அனுப்பினார்கள். அடுத்தது ஆவி பறக்க வந்தது. தருலதாபென் கேட்டார்: "எங்க காச்சினப்பா?" காப்பி எந்திரத்தில் பிடித்தது என்றான். அது சூடுதான், கொதி இல்லை. மூன்று தரம் பொங்கி வந்தால்தான் காய்ச்சிய தண்ணீர். அதையும் கண்ணால் பார்க்க வேண்டும். சமையல்கூடத்துக்குள் பயணிகளை விட மாட்டார்களாம்.

மத்தியானம் கிரீட்பாய் கப்பலைச் சுற்றிவிட்டு வந்தார்.

"தரு, ஒரு அடுப்பு பாத்தேன். எல்லாரும் பாக்கற மாதிரி வெளியவே இருக்கு."

"எங்க?"

"மேல."

"மேலன்னா?"

"மேல்தளத்துல."

"மேல்தளத்துல எங்கங்க?"

"பார்ல."

தருலதாபென் திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெயில் இறங்க இறங்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்தார். கட்டில் கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சுவரைப் பிடித்தார்.

"என்ன ஆச்சு?"

"கப்பல் ஆடுதுங்க."

"ஆடுதா?"

"உங்களுக்குத் தெரியாது. மார்க்கெட்டுல நின்னு நின்னு உங்க கால் மரத்துப்போச்சு."

கிரீட்பாய் நம்பினார். கப்பலென்றால் ஆடத்தானே செய்யும்? ஆனாலும் பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தருலதாபென் அதைப் பார்த்தார். ஒரு வருஷத்துப் பட்டினியும் அந்தப் பொட்டலத்துக்கு எதிரில் நின்றது. இன்னும் ஒரு தடவை சுவரைப் பிடித்தால் போதும்.

"வாங்க," என்றார். "அந்த அடுப்பைக் காட்டுங்க."

5

(ரசீலாபென் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் அவரை வில்லியாக்கியிருந்தேன். மதுக்கூட வாசலில் இவர்களைப் பார்த்து, கட்டடம் முழுக்கச் செய்தி பரப்ப ஓடுகிறார் என்று எழுதினேன். நடுக்கடலில் எங்கே ஓடுவது? தவிர, அவர் ஏற்கெனவே இரண்டு வர்ஷீதப் முடித்தவர். தாகம் என்றால் என்னவென்று கதையில் வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது. அதனால் அவரை ஓடவிடாமல் நாற்காலியில் உட்கார வைக்கிறேன். வாயை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.)

6

மதுக்கூடத்தில் டென்சில் என்கிற கோவாக்காரர் ஒரு சின்ன மின்சார அடுப்பில் சர்க்கரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரத்தில் ரசீலாபென் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தவரை நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"தருபென், இங்கயா? நாங்கல்லாம் வர்ஷீதப் இருந்தப்போ வீட்டு வாசலையே தாண்டலை."

"அடுப்பு இங்கதான் இருக்கு ரசீலாபென்."

ரசீலாபென் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன தரட்டும் ஆன்ட்டி?" என்றார் டென்சில்.

"தண்ணீர். நீ காச்சணும், நான் பாக்கணும்."

"அவ்வளவுதானா?"

"இந்தப் பாத்திரத்துல வேற என்ன காச்சுவ?"

"சர்க்கரை மட்டும்தான் ஆன்ட்டி. இங்க இருக்கற மத்ததைக் கொதிக்க வச்சா எல்லாம் ஆவியாப் போயிடும். முதலாளி என் சம்பளத்துல பிடிப்பார்."

பாத்திரத்தைத் தருலதாபென்னே வாங்கித் தேய்த்துக் கழுவினார். கைப்பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து வாயில் கட்டினார், பாத்திரத்தின் வாயில். டென்சில் காக்டெயில் வடிகட்டியை நீட்டினார். "வேண்டாம் தம்பி, அது உன் வேலைக்கு."

தண்ணீர் பொங்கியது. "கொதிச்சாச்சு ஆன்ட்டி."

"இன்னும் ரெண்டு தரம்."

டென்சில் இறக்கி ஏற்றினார். ஒரு பெரிய மனிதர் வந்து விஸ்கி கேட்டார். "கொஞ்சம் இருங்க சார், தண்ணீர் கொதிக்குது," என்றார் டென்சில். அந்த மனிதரும் நின்று பார்க்க ஆரம்பித்தார்.

மூன்றாவது பொங்கல் வந்தபோது ரசீலாபென் நாற்காலியிலிருந்தே சொன்னார்: "சூரியன் தண்ணியைத் தொட்டாச்சு."

அப்போதுதான் எல்லாருக்கும் ஒன்று உறைத்தது. கொதிக்கிற தண்ணீரை எப்படிக் குடிப்பது?

7

ஐஸ் போடக் கூடாது. அது பச்சைத் தண்ணீர். விசிறக் கூடாது, ஊதவும் கூடாது. காற்றில் இருக்கிற உயிருக்குத் துன்பம். குலுக்குகிற குவளைகள் இருந்தன. அவற்றுக்குள் என்னென்ன போய்வந்தது என்று டென்சிலே தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் பிரிக்காத உறையிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துக் கழுவித் தந்தார். வீட்டில் செய்கிற மாதிரி தருலதாபென் தண்ணீரை அதில் பரவலாக ஊற்றினார். ஆவி எழுந்தது. எல்லாரும் தட்டைச் சுற்றி நின்றார்கள்.

"ஏங்க," என்றார் தருலதாபென், மேசை விளிம்பைப் பிடித்தபடி. "அந்தப் பாட்டிலுக்காக மனசு விட்டுடாதீங்க. கிடைச்சிருந்தாலும் இன்னிக்கு அது ஆகாது. நேத்தோட முடிஞ்சிருக்கும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க காச்சறப்பவே."

கிரீட்பாய் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு முழுக்கத் தண்ணீர் இருந்தது. அது கண்ணாடி போல நின்றது. ஒரு நெளிவு இல்லை.

கப்பல் ஆடவில்லை.

காலையிலிருந்தே ஆடவில்லை. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். தருலதாபென்தான் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். மகனுக்குக் கொடுத்த வாக்கு. சாட்சி அவர்தான்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டாவதில் தருலதாபென் மயங்கி விழுந்து, கப்பல் மருத்துவர் ஓடிவந்து, கப்பலே திரும்பி... அடித்துவிட்டேன். கிரீட்பாய் என்ன செய்தார் என்பதில் மட்டும் மாடியில் கணவன் மனைவி இருவரும் ஒன்றாகத்தான் சொன்னார்கள். ரசீலாபென்கூட மறுக்கவில்லை, தொட்டியைப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தார்.)

கிரீட்பாய் இரண்டு கையாலும் தட்டின் ஓரத்தைப் பிடித்தார். மெதுவாக இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தண்ணீர் கரைக்கு வந்து திரும்பியது.

"ஆமா தரு," என்றார். "கப்பல் நல்லாத்தான் ஆடுது."

"நான் சொன்னேனே."

"ரொம்ப ஆடுது."

8

முடிவை எழுதப் பார்த்தேன். சூரியன் முந்தியதா, தண்ணீர் முந்தியதா என்று மாடியில் மூன்று பேரிடமும் கேட்டேன். கிரீட்பாய் தட்டைத்தான் பார்த்தாராம். தருலதாபென் கிரீட்பாயைத்தான் பார்த்தாராம். சூரியனைப் பார்த்தவர் ரசீலாபென் ஒருவர்தான். அவர், "இதெல்லாம் நடக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு, தொட்டி கழுவுகிறவரிடம் மூலையில் பாசி விட்டுவிட்டதாகக் காட்டப் போய்விட்டார்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். மேற்கே ஒரு நகக்கண் அளவு சிவப்பு மிச்சம் இருக்கிறது. தட்டில் ஆவி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தட்டை வெளிப்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். விரலை உள்ளே விடாதீர்கள், ரசீலாபென் பார்க்கிறார்.

ஆறிவிட்டதா?

சீக்கிரம் சொல்லுங்கள். தருலதாபென் தம்ளரைக் கையில் எடுத்துவிட்டார்.