இருமல் இல்லாத பதிவு

"ஜூலை 9. தவறு: நேற்று மாலை அப்பாவுக்குத் தவறான பதிவைப் போட்டேன். அவர் கேட்டது மேடைப் பதிவு. நான் தட்டியது ஸ்டூடியோப் பதிவு. இன்று காலை கைபேசியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது."

அதற்கு மேல் சங்கரேஸ்வரிக்கு டைரியில் எழுத வரவில்லை. இரவில் இறந்துபோன அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கச் சிற்றாற்றுக்குப் போனவர்கள் சாரலில் நனைந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சங்கு நெருங்கியது.

அப்பா சிவனணைந்தபெருமாள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். ஒரு சீசனில் யாரோ அறையில் விட்டுப்போன கேசட்டில்தான் வாத்தியக் குழுவோடு பியானோ வாசிக்கும் அந்த மேற்கத்திய இசை, அந்தப் பியானோ கான்செர்ட்டோ, அவருக்குக் கிடைத்தது. மேடையில் வாசித்தபோது எடுத்த பதிவு; பிற்பாடு சங்கரேஸ்வரி அதைக் கைபேசியில் ஏற்றியிருந்தாள். இரண்டாம் பகுதியில் பியானோ நுழைவதற்குச் சற்று முன் கூட்டத்தில் ஒருவர் இருமுவார். "டிக்கெட் எடுத்து இருமப் போயிருக்கான் பாரு" என்பார் அப்பா, ஒவ்வொரு முறையும். மாலை நேரக் கீபோர்டு வகுப்பில் அவள் கேட்டது அதே கான்செர்ட்டோவை வேறொருவர் ஸ்டூடியோவில் வாசித்தது. இருமல் இல்லாதது, சுத்தமானது. எது உசத்தி என்று இரண்டு வருஷமாகச் சண்டை.

நேற்று பதிவைப் போட்டுவிட்டுக் கஞ்சி எடுக்கப் போய்த் திரும்பியபோது அவர் கண்ணை மூடியபடி சொன்னார்: "இதாம்ட்டி வாசிப்பு. ஒன் ஸ்டூடியோக்காரனுக்கு இது வருமா?"

அப்படியென்றால் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லையா? சண்டையெல்லாம் வெறும் வாய்தானா? இனி யாரிடம் கேட்பது?

"ஏட்டி, ஸ்பீக்கர்காரர் நிக்காரு" என்றான் அண்ணன் விஜய்பாண்டி. "தூக்குததுக்கு முந்தி அப்பாவுக்குப் பிடிச்சதப் போடணும்னு நீதான சொன்ன. ஒரு பாட்டு எடுக்க இம்புட்டு நேரமா?"

"பாட்டு இல்ல. ரெண்டுல எதுன்னு தெரியல."

"எல்லாம் ஒரே டொய்ங் டொய்ங்தான. ஏதாவது ஒண்ணு போடு."

அம்மா உலகம்மாள் தலைமாட்டில் இருந்து நிமிராமல் பேசினாள். "நேத்து போட்டியே, அதையே போடு. ஒங்கப்பா நல்லாத்தான் இருந்தாக. நீ அடுக்களைக்குப் போயிட்டல்லா, பியானோ வாறதுக்கு முந்தி ஒத்த இருமல் இருமுனாக. பதறிப்போயி தண்ணிய நீட்டுனேன். வேண்டாம்னு சிரிச்சாக."

அந்தப் பதிவில் இல்லாத இருமலை அப்பா தானே போட்டிருக்கிறார் என்று சங்கரேஸ்வரிக்கு உறைத்தது. பிறகு ஸ்டூடியோப் பதிவின் இரண்டாம் பகுதியைத் தட்டி, கைபேசியை ஸ்பீக்கர்காரரிடம் கொடுத்தாள்.

வாத்தியங்கள் தணிந்தன. அந்த இடம் வந்தது. அப்பாவைப் போல அவளும் இருமப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. பியானோ சரியாக நுழைந்தது.

மாலையில் அதே பக்கத்தில் எழுதினாள்: "நாளை காலை சுடுகாட்டில் காடாத்து. எலும்பு எடுக்க அண்ணன் போகிறான். தெளிக்கப் பாலும் இளநீரும் நான் வாங்க வேண்டும்."