கதை முடிந்த பிறகு வரும் பாதாளம்

வீடியோ கேமில் உலகத்தை அழிக்க வந்த அசுர ராஜாவை வீழ்த்தி, உழைத்தவர்களின் பெயரெல்லாம் திரையில் ஓடி முடிந்த பிறகும் எழுந்து போக மனமில்லாத ஆட்டக்காரர்கள் சிலர் எப்போதும் உண்டு. அவர்களுக்காக ஒரு பாதாளம் கட்டிக் கொடுக்க வேண்டும். இஷ்டமிருந்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அதன் அடிமாடியில் அசுர ராஜாவை விடப் பத்து மடங்கு பலசாலி ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பான். உலகம் பற்றி எரிந்தபோது இந்த மகானுபாவன் எங்கே போயிருந்தான் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒசாகாவில் இருந்த அந்தக் கம்பெனியில் இந்தப் பாதாளங்களைக் கட்டுவது நிரே சயோக்கோவின் வேலை. 'வெண்கல மணி' விளையாட்டு வரிசையில் ஐந்தாம் பாகத்திலிருந்து அவள்தான். கதை எழுதத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். கதை முடிந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பிரிவுத் தலைவர் உஷியாமா, "இது ஒண்ணு மட்டும்" என்பார். இந்த முறை எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்: எட்டாம் பாகத்தின் பாதாளத்தில் ஆலோசகரின் முத்திரை விழுந்துவிட்டால் ஒன்பதாம் பாகத்தின் கதை சயோக்கோவுக்கு. அவளிடம் கதை தயாராக இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. வருஷக்கணக்காக மனசுக்குள்ளேயே வைத்து வளர்த்திருந்தாள்.

ஆலோசகர் என்றால் சகாகிபாரா, கம்பெனியின் முன்னாள் தலைவர். பதவி போன பிறகும் உச்சிமாடியில் அறை, வாசலில் கார், தேநீர் கொண்டுவர மிசாவா என்ற அம்மாள், எல்லாம் அப்படியே இருந்தன. கம்பெனி மூழ்கப் பார்த்தபோதெல்லாம் அந்த அறையின் கதவு திறந்ததில்லை. ஆனால் அவர் முத்திரை விழாமல் எந்த விளையாட்டும் கடைக்குப் போகாது.

பாதாளத்தின் வரைபடத்தோடு சயோக்கோவும் உஷியாமாவும் அவர் முன் போய் நின்றார்கள்.

"எத்தனை மாடி?"

"முப்பதுங்க ஐயா" என்றாள் சயோக்கோ. "நடுநடுவுல ஆட்டத்தைச் சேமிச்சுக்கலாம்."

"முப்பதா? இது பாதாளமா, பல் டாக்டர் இருக்கிற கட்டடமா? எங்க காலத்துல நூறு மாடி. சேமிக்கிறதெல்லாம் கிடையாது. பாதியில கரண்ட் போனா அழுது முடிச்சிட்டு முதல்லேருந்து வரணும்."

"இப்ப ஆடுறவங்க வேலைக்குப் போறவங்க ஐயா. அவங்களுக்கு நேரம்..."

"இதென்ன கயிறு?"

"போதும்னு தோணுச்சுன்னா இதை இழுக்கலாங்க. நேரா வெளிய வந்துடலாம்."

"எடு அதை. உள்ள வந்தவன் போதும்னு சொல்லக் கூடாது."

உஷியாமா தலையாட்டினார். அந்தக் கழுத்தை ஆண்டவன் வேறெதற்கும் படைக்கவில்லை.

சயோக்கோ நூறு மாடி கட்டினாள். சேமிக்கும் வசதியையும் கயிற்றையும் எடுத்தாள். இரவு பகலாகக் கட்டியதில் வயிறெரிந்து, அடிமாடியில் இருக்க வேண்டிய பலசாலியை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள். கையில் தேநீர்க் கிண்ணம் கொடுத்தாள். அவன் "எங்க காலத்துல" என்று பெருமூச்சு விட்டால் எதிரில் நிற்பவர்களின் பலம் பாதியாகிவிடும். அந்தப் புதர்ப் புருவம் சாட்சாத் சகாகிபாராவுடையது. காட்டுவதற்கு முன் முகத்தை மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மனசு வரவில்லை.

முத்திரை போடும் நாளன்று பெரிய திரையில் அந்த முகம் எழுந்து வந்தது. உஷியாமா தரையைப் பார்த்தார். உப்பளத்துப் பெண் இத்தோடு போனாள் என்று சயோக்கோ நினைத்தாள்.

சகாகிபாரா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கம்பீரமா இருக்கான்" என்றார். "இத்தனை வருஷத்துல இப்பத்தான் அடியில ஒரு மரியாதையான ஆளை உட்கார வெச்சிருக்கே. பலம்தான் பத்தாது. இரட்டிப்பாக்கு."

முத்திரை விழுந்தது. சயோக்கோ மூச்சு விடுவதற்குள் அடுத்த பேச்சும் விழுந்தது.

"உஷியாமா, அடுத்ததுக்கும் பாதாளம் இந்தப் பொண்ணுதான். வேற ஆளை விட்றாதே."

கழுத்து ஆடியது.

வெளியே வந்ததும் உஷியாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோவிச்சுக்காதே நிரே-சான். பெரியவர் வாயில வந்துருச்சு. பத்தாம் பாகத்துல பார்த்துக்கலாம்."

"அப்ப ஒன்பதோட கதை?"

"அதை யார் வேணா எழுதிட்டுப் போறாங்க. பாதாளம் உன்னை விட்டா யாருக்கு வரும்?"

அடிமாடி ஆளை வெல்பவனுக்கு உலகத்திலேயே கூரான வாள் பரிசு. அதற்குப் பிறகு வெட்டுவதற்கு ஒரு எலிகூட மிச்சமிருக்காது. அந்தப் பரிசை எழுதி வைத்தவளும் சயோக்கோதான். அவளுக்கு அழுகை வந்தது, கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

தானே ஆடிப் பார்க்கப் பெரியவர் விளையாட்டைத் தன் அறைக்கே கொண்டுபோனார். சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு அவள் சோற்று உருண்டையைப் பிரிக்கும்போது உச்சிமாடியிலிருந்து போன் வந்தது.

"நிரே, அந்த ஆள் முன்னாலதான் நிக்கிறேன். மோதினா செத்துடுவேன். செத்தா முதல் மாடிக்குப் போகணும். அந்தக் கயிறு எங்க?"

"எடுக்கச் சொன்னீங்க ஐயா."

"இங்கேயே சேமிச்சு வெக்க முடியாதா?"

"அதுவும் வேண்டாம்னீங்க."

"ஆளோட பலத்தையாவது கொஞ்சம்..."

"நீங்கதான் இரட்டிப்பாக்கச் சொன்னீங்க."

"அப்ப எப்படித்தாம்மா வெளிய வர்றது?"

"ஸ்விட்சை அணைச்சிட்டு எழுந்து போயிடணுங்க. வேற வழி இல்ல."

"இத்தனை நாள் பட்ட பாடு?"

"போயிடும் ஐயா. அதை விட்டுட்டுத்தான் வரணும்."

போனை வைத்தபின் அவள் சோற்று உருண்டையைத் திரும்பப் பொதிந்து பையில் வைத்தாள். பிறகு தன் கணினியை அணைத்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி உஷியாமாவின் மேஜையில் வைத்தாள்.

"மூணு மணிக்குப் பாதாளக் கூட்டம் இருக்கே, எங்க கிளம்பிட்டே?"

"உப்பளத்துக்கு" என்றாள் சயோக்கோ. அவருக்குப் புரியவில்லை. புரியாததற்கும் தலையாட்டினார்.

லிஃப்டில் மிசாவா அம்மாள் ஆறிப்போன தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார்.

"பெரியவர் டீயைக்கூடத் தொடலம்மா" என்றார். "அந்தப் பெட்டியை அணைக்க மனசு வரல போல. திரையில தன்னை மாதிரியே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், அவன் எதிர்லயே இவரும் உட்கார்ந்திருக்கார்."