வீண் என்றொரு பொத்தான்

அந்தத் தையல் கடைக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் 'நாளைக்கு'. துணி கேட்டு யார் படியேறினாலும், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொல்லும் ஒரே பதில் அதுதான். ஆள் பொய்க்காரர் இல்லை. சொல்லும்போது, நாளைக்கு முடித்துவிடலாம் என்று அவரே மனதார நம்புவார். ஆனால் விடிந்த பொழுது எந்த வழியாகப் போகிறதென்றே அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு வந்தவர் பக்கத்து ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். இன்னும் கை தைக்காமல் தொங்கிய தன் சட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உங்க தையல் சுத்தம்ணே, அதான் விட மனசில்ல. ஆஸ்பத்திரி யூனிபார்ம் மொத்தத்தையும் உங்களுக்கே தரலாம்னு இருக்கோம். ஆனா மாதிரிக்கு ஒரு செட்டை வர்ற வெள்ளிக்கிழமை கொண்டுவந்து காட்டணும். அப்பவும் 'நாளைக்கு'ன்னீங்கன்னா வேற ஆளைப் பார்த்துப்போம்."

டெய்லர் வாய்வரை வந்த அந்தச் சொல்லை முதல்முறையாக விழுங்கினார்.

விஷயத்தைக் கேட்ட மகள், கல்லூரியில் படிக்கிறவள், அப்பாவின் போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். "எதை ஆரம்பிச்சாலும் அதுக்குரிய பொத்தானை அமுக்குங்கப்பா. நேரம் எங்க போகுதுன்னு அதுவே காட்டிரும்." பொத்தான்களுக்குப் பெயர் நாமே வைத்துக்கொள்ளலாமாம். டெய்லர் தாடையைச் சொறிந்து யோசித்து மூன்று வைத்தார்: வேலை, ஓய்வு, வீண்.

நல்ல ஏற்பாடுதான், குறை சொல்வதற்கில்லை. இரண்டே நாளில் டெய்லரின் குட்டு டெய்லருக்கே வெளிப்பட்டுவிட்டது. கத்தரிக்கோலைக் காணோமென்று கடையைத் தலைகீழாகப் புரட்டுவது, வாசலில் நின்று யாரோ கார் நிறுத்தத் திணறுவதை வேடிக்கை பார்ப்பது, யாரோ யாருக்கோ முடி வெட்டுவதைப் போனில் வாய் பிளந்து பார்ப்பது எல்லாம் வீண் கணக்கில் குவிந்து கிடந்தன. ஒரு ஆணி அடித்துக் கத்தரிக்கோலை மாட்டினார். வாசலுக்குப் போவதை விட்டார். தையல் மளமளவென்று நகர்ந்தது.

சிக்கல் வந்தது மனைவியின் பேச்சில்தான். கடையும் வீடும் ஒன்று என்பதால், அந்த அம்மா எதிரே உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பார், பட்டன் தைப்பார், கூடவே ஓயாமல் பேசுவார். பேச்சு சுவாரசியமானால் டெய்லரின் கால் மிதிப்பதை நிறுத்திவிடும். அந்த நேரத்தை எதில் சேர்ப்பது? வேலை இல்லை. ஓய்வு என்றால் காது ஒத்துக்கொள்ளாது. மனசு லேசாக உறுத்தினாலும் துணிக்கு அடியில் கையை விட்டு மூன்றாவது பொத்தானை அமுக்கினார்.

அந்த ஆப்புக்கு வாயும் உண்டென்பது அவருக்குத் தெரியாது. போன் எப்போதும் சத்தமில்லாமல்தான் கிடக்கும். வியாழக்கிழமை, நர்ஸ் ஒரு அளவைச் சொல்லப் போன் செய்வதாக இருந்ததால், மிஷின் இரைச்சலை மீறிக் கேட்கட்டும் என்று சத்தத்தை அப்போதுதான் முழுக்கக் கூட்டி வைத்திருந்தார்.

"என்னங்க, நேத்து என் தங்கச்சி வீட்ல நடந்த கூத்து தெரியுமா..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார். டெய்லரின் கை பழக்கதோஷத்தில் துணிக்கு அடியில் போனது.

"வீண் நேரம் தொடங்கியது" என்றது போன், தேன் ஒழுகும் குரலில்.

மிஷின் நின்றது. ஊசியும் நின்றது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லம்மா. போன் ஏதோ உளறுது."

அந்த அம்மா போனைப் பார்த்தார், புருஷன் முகத்தைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூட டெய்லர் பிழைத்திருப்பார். "இத்தனை வருஷமா உங்க வேலையைக் கெடுத்துட்டு இருந்தேனா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்று நிஜமான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் "ம்", இல்லாவிட்டால் "சரி". வேலை ஓடியது, வீடு ஓடவில்லை. சாப்பிடும்போது மகள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை யூனிபார்ம் ஆஸ்பத்திரிக்குப் போனது. நர்ஸ் அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, "ஆர்டர் உங்களுக்குத்தான்ணே" என்றார். டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸ் எப்படி முறைத்தார், எந்த இடத்தில் சிரித்தார் என்று வீட்டில் சொல்வதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கிடைச்சிருச்சும்மா! மொத்தமும் நமக்குத்தான்!"

"சரி" என்று புன்னகைத்தார் அந்த அம்மா. கை பட்டனை விடவில்லை.

"என்னம்மா வெறும் 'சரி'? என்ன சொன்னாங்க, ஏது சொன்னாங்கன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நீங்க உக்காந்து சொல்லணும். இனிமே வேலை தலைக்கு மேல கிடக்கும். எதுக்கு உங்க நேரத்தைப் போய்..."

டெய்லருக்கு இவ்வளவு தூரம் சுமந்து வந்த சந்தோஷத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்து மனைவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்மா. கணக்குப் பார்த்தது தப்பில்ல, இந்த ஆர்டரே அதாலதான் வந்துச்சு. ஆனா கத்தரிக்கோல் தேடுற நேரத்தையும் நீ பேசுற நேரத்தையும் ஒரே பொத்தான்ல போட்டேன் பாரு, அதான் தப்பு. பேசும்மா."

"பேசுன்னா உடனே வந்திருமா? குழாயா என்ன, திறந்துவிட?"

சொல்லிவிட்டு நிமிர்ந்த அந்த அம்மாவின் கண் அவர் சட்டையில் போய் நின்றது. "ஐயய்யோ, இது என்னங்க கோலம்? நடுப்பட்டன் இல்லாம, வயித்தைக் காட்டிக்கிட்டேவா ஆஸ்பத்திரிக்குப் போனீங்க? டெய்லர்னு வெளிய சொல்லிடாதீங்க. கழட்டுங்க முதல்ல. வீட்ல பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா இல்லையான்னு நர்ஸம்மா நினைச்சிருக்க மாட்டாங்க? என் தங்கச்சி வீட்டுக்காரரும் இப்படித்தான்..."

பேச்சு மடை திறந்தது. பனியனோடு உட்கார்ந்து, டெய்லர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, இதை எந்தப் பொத்தான்ல போடப் போறீங்க?"

"எதுலயும் போடல கண்ணு. நேரத்தை மிச்சம் பிடிக்கிறதே நம்ம மனுஷங்களுக்குக் கொடுக்கத்தான். அவங்களுக்குக் கொடுக்கிறதையே வீண்னு எழுதிட்டா, மிச்சம் பிடிச்சதை வச்சுக்கிட்டு என்ன பண்றது, சொல்லு?"