தல்சுவின் கன்னத்தில் பன்னிரண்டாம் மாடி

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. தங்களுக்குக் கதை கனவில் வந்தது, கடற்கரையில் வந்தது என்று எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்தது பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பு. ‘மூடிய இடங்களில் பிறருக்குத் தொந்தரவு தரும் கடுமையான வாசனைப் பொருட்களைத் தவிர்ப்போம். இது பணியாளர்களுக்கும் பொருந்தும்.’

பணியாளர்கள் என்று பன்மையில் போட்டிருந்தார்கள். புச்சோன் நகரத்தில் இருக்கும் எங்கள் பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவல்காரர்கள் இரண்டு பேர், நாள் விட்டு நாள் வருவார்கள். ஒருவருக்கு முகத்தில் முடியே முளைக்காது, சவரமும் இல்லை, சவரத்துக்குப் பிறகு பூசுகிற வாசனையும் இல்லை. மிச்சம் இருப்பவர் மா தல்சு. பேரைப் போடாமல் ஓர் ஆளைத் திட்டுவதில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எழுதுவேன். வேறு எதற்கும் எனக்குத் துப்பு கிடையாது.

2

முதல் வரிகள், எழுதிக் கிழித்தவை:

‘மா தல்சு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது—’

வேண்டாம். கதையில் கண்ணாடி பார்க்கிறவர்கள் எல்லாம் உடனே வாழ்க்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இவருக்கு அந்த நேரத்தில் யோசிக்க வேறு விஷயம் இருந்தது.

‘சவரம் முடிந்த கன்னத்தில் அந்தத் திரவம் பட்டு எரிந்ததும், செத்துப்போன அப்பாவின் வாசனை அவரை—’

இது நான் எழுத நினைத்ததல்ல. என் பதிப்பாசிரியை யாங் கேட்டது. “வாசனைன்னா ஞாபகம் வரணும். அப்பாவை உள்ள கொண்டு வாங்க. படிக்கிறவங்க அழுதுடுவாங்க” என்றார். சரி, சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று கீழே காவல் அறைக்குப் போனேன்.

“எங்கப்பாவா? அவர் மேல கருவாட்டு நாத்தம்தான் அடிக்கும். அதை எதுக்கு எழுத்தாளரம்மா நான் கன்னத்துல பூசணும்?” என்றார் தல்சு.

ஆகவே இந்தக் கதையில் ஞாபகம் கிடையாது. அழ வேண்டியிருப்பவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.*

(* யாங் இந்த வரியை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.)

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்ததும் காவல் அறைக் குழாயடியில் சவரம் செய்வது தல்சுவின் வழக்கம். முதலில் ஸ்கின், அதாவது சவரத்துக்குப் பிறகு பூசுகிற வாசனைத் திரவம், தண்ணீர் மாதிரி இருக்கும். இரண்டு உள்ளங்கையிலும் ஊற்றிக் கன்னத்தில் அறைந்துகொள்வார், வெளியே தெருவரைக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் வெள்ளையாக லோஷன். இரண்டும் ஜோடியாகத்தான் பெட்டியில் வரும். அவருடைய மேஜைக்கு அடியில் அப்படிப்பட்ட பெட்டிகள் அடுக்கியிருந்தன.

எல்லாம் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு வந்தவை. கம்பெனிகள் ஆட்களுக்குப் பரிசுப்பெட்டி கொடுக்கும். மீன் டப்பாவும் எண்ணெயும் வந்தால் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஆண்கள் பூசுகிற ஸ்கின், லோஷன் வந்தால் பிரிக்காமலேயே காவல்காரருக்கு இறக்கிவிடுவார்கள். இந்தக் காலத்துப் புருஷன்மார் யாரும் அந்த வாசனையைக் கிட்டச் சேர்ப்பதில்லை. (இதற்குப் பேர் அன்பா, அலமாரியைக் காலி செய்வதா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே பையில்தான் கீழே வருகின்றன.)

அன்றைக்குத் தல்சு பெட்டிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஏழாவது மாடிக்கு அரிசி மூட்டை ஏத்தணும். அதனால இன்னிக்கு ஏழாவது மாடி” என்று நீலப் போத்தலை எடுத்தார்.

“புரியலையே.”

“குடுத்தவங்க வீட்டுக்குப் போறப்ப அவங்க குடுத்ததைப் பூசிக்கிட்டுப் போனாத்தானே மரியாதை? தூக்கிப் போடலை, உபயோகிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மோந்தாத் தெரியாதா? அவங்க வீட்டு சாமான்தானே.”

அவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்த்ததில்லை என்பதை இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு மாடிக்கும் அந்தந்த மாடியின் நன்றியைக் கன்னத்தில் சுமந்துகொண்டு போகிறார், கதவைத் திறப்பவர்கள் மூக்கைச் சுருக்குகிறார்கள்.

“இருக்கறதுலயே காட்டமானது இதுதான்” என்று பச்சைப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். “பன்னிரண்டாவது மாடி, தலைவியம்மா குடுத்தது. அவங்க அடிக்கடி கீழ வர்றவங்க, அதனால அடிக்கடி இதைத்தான் போடறேன். கொஞ்சம் தாராளமாவே.”

குடியிருப்போர் சங்கத் தலைவி சோக் மிரான். லிஃப்டில் அறிவிப்பை ஒட்டச் சொன்னவர் அவர்தான்.

4

மிரானைப் பற்றி முதல் பிரதியில் மோசமாக எழுதியிருந்தேன். கையில் ஒரு குட்டி நாய், உதட்டோரம் ஓர் இளக்காரச் சிரிப்பு. அடித்துவிட்டேன். மிரானுக்கு நாய் கிடையாது, ஒற்றைத் தலைவலிதான் உண்டு. லிஃப்டிலிருந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். வில்லியாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

தபாலில் வந்த என் பொட்டலத்தை வாங்க நான் காவல் அறையில் நின்றபோது அவர் ஒரு புதுப் போத்தலோடு வந்தார். சொந்தக் காசில் வாங்கியது.

“காவல்காரய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல வாசனையே கிடையாது. எங்க வீட்டுக்காரரும் இதான் போடறாரு.”

“ரொம்ப நன்றிங்கம்மா.”

“அப்ப நாளையிலேருந்து இதையே…”

“வேணாங்கம்மா.”

மிரானுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. தல்சு போத்தலை இரண்டு கையாலும் பிடித்துப் பணிவாகத் திருப்பி நீட்டினார்.

“தொப்பி போடச் சொன்னீங்க, போட்டேன். கார் வந்தா எந்திரிச்சு நிக்கச் சொன்னீங்க, நிக்கறேன். வெயில் காலத்துல ஃபேனை நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்தினேன். மூஞ்சிக்கு என்ன பூசறதுன்னு மட்டும் நானே பாத்துக்கறேம்மா. உங்களுக்குத் தலை வலிக்குதுன்னா நான் லிஃப்ட்ல ஏறலை. படியில போய்க்கறேன்.”

“பதினஞ்சு மாடியும் படியிலயா? முட்டி என்னத்துக்கு ஆகறது?”

“முட்டி என்னுதுதானேம்மா.”

மிரானின் முகம் சிவந்துவிட்டது. “மாசக் கடைசியில உங்க ஒப்பந்தம் முடியுது. கூட்டத்துல இந்தப் பேச்சு வரும். நான் ஒருத்தி மட்டும் முடிவு பண்றதில்லை, பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் கட்டடத்தில் காவல்காரருக்கு மூன்று மாத ஒப்பந்தம்தான். யாரையும் வேலையைவிட்டு நீக்க வேண்டியதில்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை.

5

மிரான் போன பிறகு நான் தல்சுவைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தப் பச்சைப் பெட்டி அவங்க குடுத்ததுதான்னு சொல்லிடுங்க. ஒரே வார்த்தை. எல்லாம் முடிஞ்சிடும்.”

“குடுத்த பொருளைக் குடுத்தவங்க மேலயே தூக்கி எறியறதா? அத்தனை பேர் முன்னால அந்தம்மா தலையைக் குனிஞ்சா எனக்கு என்ன கிடைக்கும்?”

“வேலை கிடைக்கும்.”

“கிடைக்கலாம். அப்பறம் தினமும் அந்த மூஞ்சிக்கு நான் வணக்கம் சொல்லணும்ல?”

“சரி, இந்தம்மா குடுக்கறதைப் பூசிக்கிட்டுப் போங்களேன். என்ன கெட்டுப்போச்சு?”

“இந்த எடத்துல நானா எடுக்கற முடிவு அது ஒண்ணுதான். குந்திக்கிட்டு எந்தப் போத்தல்னு யோசிக்கறேன் பாருங்க, அந்த ரெண்டு நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடறதில்லை.”

“அப்ப கூட்டத்துல நான் சொல்றேன்.”

“நீங்க வாயைத் திறந்தீங்கன்னா அப்பவே தொப்பியைக் கழட்டி வச்சுட்டுப் போயிடுவேன். சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன். கதையில் எழுதலாமா என்று கேட்டேன்.

“கதையில என்ன வேணா எழுதிக்கங்க. நம்ம கட்டடத்துல கதையெல்லாம் யாரு படிக்கறாங்க.”

லிஃப்ட் அறிவிப்பைவிட இது எனக்கு அதிகமாகச் சுட்டது. மாடி ஏறும்போது அவர் மேலும் கோபம் வந்தது. இந்த வயதில் இன்னொரு வேலை எங்கே கிடைக்கும்? ஒரு போத்தலுக்காகச் சோற்றை உதறுகிற வீம்பு எதற்கு? அவர் நன்மைக்காகத்தானே சொல்கிறேன் என்று முணுமுணுத்தபடி வந்தவள், அதே வார்த்தையை மிரானும் சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் நன்மைக்காகத் தலைவி ஒரு போத்தல் கொண்டுவருகிறார். பதிப்பாசிரியை ஓர் அப்பாவைக் கொண்டுவருகிறார். நான் ஒரு வசனம் கொண்டுவருகிறேன். அந்த வரிசையில் மூன்றாவது ஆள் நான்.

போதும். இந்தக் கதையில் இனி அவருக்கு யாரும் எதையும் பூச மாட்டார்கள்.

6

இருந்தாலும் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். தொழில் புத்தி.

அ. தல்சு வாசனை இல்லாததைப் பூசிக்கொள்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. லிஃப்டில் இப்போது இரும்பு வாசனை மட்டும். (“மௌனமான சோகம், அழகா இருக்கு” என்றார் யாங். அழகாக இருக்கிறது என்பதற்காகவே அடித்தேன்.)

ஆ. மிரான் தற்செயலாகக் காவல் அறைக்குள் எட்டிப் பார்க்கிறார். மேஜைக்கு அடியில் தன் கணவரின் கம்பெனிப் பெட்டி. கண்ணீர். (பொய். காவல்காரரின் மேஜைக்கு அடியில் எங்கள் ஊரில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.)

இ. மறுநாள் காலை கட்டடத்து ஆண்கள் அத்தனை பேரும் கமகமவென்று ஸ்கின் பூசிக்கொண்டு தல்சுவுக்கு ஆதரவாக இறங்கி வருகிறார்கள். (ஒரு காலைப்பொழுது முழுக்க இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தீயணைப்பு ஒத்திகைக்கே இவர்கள் சேர்ந்து இறங்கி வந்ததில்லை.)

ஈ. தல்சு கூட்டத்தில் எழுந்து

7

அவர் எழவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தார். நிர்வாக அறையில் நாற்காலிகள் எல்லாம் மாடிகளின் பிரதிநிதிகளுக்கு, வாசல்படி அவருக்கு. மேஜையில் சீவிய சீமைப்பனிச்சைப் பழமும் வாற்கோதுமைத் தேநீரும். நான் பிரதிநிதி இல்லை, சுவரோரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தல்சு அப்போதுதான் சவரம் செய்து வந்திருந்தார், கன்னம் பளபளத்தது. பன்னிரண்டாம் மாடிக்காரரைப் பார்க்க வந்தவர் எதைப் பூசி வந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறை நிறைந்துவிட்டது. மிரான் இரண்டு விரலால் நெற்றியை அழுத்திக்கொண்டார்.

“கடைசியா ஒரு தடவை கேக்கறேன் ஐயா. மாத்திக்கறீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“வீம்பு பிடிச்ச ஆளு” என்று யாரோ சொன்னார்கள்.

“ஆமாங்க” என்றார் தல்சு.

புதுப்பிக்கலாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். வேண்டாம் என்பவர்கள் தூக்கினார்கள். சரிபாதி. இன்னும் ஒரு பிரதிநிதி கை தூக்கவில்லை. அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று யோசித்து உங்களை வைத்தேன். என்னைக் கேட்காமல் எப்படி என்று சண்டை போடாதீர்கள். தல்சுவையும் யாரும் கேட்டதில்லை.

அந்த வாசனை யார் வீட்டிலிருந்து வந்தது என்று இந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார். நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். உங்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. சொல்லிவிட்டு அவரை இழக்கலாம். சொல்லாமல் கை தூக்கலாம். தூக்காமலும் இருக்கலாம், தலைவலி நிஜமானதுதான். முடிவு எங்கே என்று யாங் கேட்டால் உங்களைக் கைகாட்டுவேன். ‘நான் வெறுமனே படிக்க வந்தவன், வந்தவள்’ என்று மட்டும் சொல்லி உங்களை நழுவ விட மாட்டேன்.

மிரான் உங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“நீங்க என்ன சொல்றீங்க?”