எட்டாம் நாள் வரை பெயரில்லாத கோடு

கானா நாட்டின் குமாசியிலுள்ள எங்கள் ஆய்வகத்தில் அன்று ஒரு குழந்தை பிறந்துவிட்டதாகப் பேராசிரியர் நியாமோவா அறிவித்தார். பிறந்தது ஒரு கோடு.

இரத்தக் குழாய்களை வளர்க்கும் மரபணுவின் செய்தியைச் செல் அப்படியே பயன்படுத்துவதில்லை. துண்டுகளாக வெட்டி, சிலவற்றை ஒதுக்கி, மீதியை ஒட்டுகிறது. எதை ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்து, ஒரே மரபணுவிலிருந்து நெட்டைப் புரதமும் குட்டைப் புரதமும் பிறக்கும். முனைவர் பட்ட மாணவி செர்வா, நஞ்சுக்கொடித் திசுவிலுள்ள அச்செய்தியைப் பன்மடங்காகப் பெருக்கி, கூழ்த் தகட்டின் குழிகளிலிருந்து ஓடவிட்டு நீளவாரியாகப் பிரித்தபோது, புற ஊதா ஒளியில் நெட்டைக் கோட்டின் கீழே எவரும் அறியாத குட்டைக் கோடு ஒன்று மின்னியது.

"அஜெய்வான்னு பேர் வெச்சாச்சு!" என்றார் பேராசிரியர். அஜெய்வா அவருடைய மனைவி. திருமண நாளை இவர் மறந்ததிலிருந்து அவர் இவருடன் பேசுவதில்லை.

செர்வா குழிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நீருக்கென ஒதுக்க வேண்டிய குழியிலும் பேராசிரியர் அவசரப்பட்டுத் திசுவையே ஊற்றியிருந்தார். கோடு பொய்யானால், அதை நம்பி எழுதும் ஆய்வேடும் பொய்யாகும். அவர் கையெழுத்தில்லாமலோ பட்டமே கிடையாது.

"ப்ரொஃப், நீங்க அசாந்தி குலத்து வீட்டுப் பிள்ளை. எட்டாம் நாளுக்கு முன்னால குழந்தைக்குப் பேர் வைப்பாங்களா? அதுவரைக்கும் அது தங்குமோ போயிடுமோ, வெறும் விருந்தாளிதானே?"

வழக்கத்தை மீற அவருக்குத் துணிவில்லை.

எட்டாம் நாள், தம் பெயர் சூட்டப்போவதைக் கேள்விப்பட்ட அஜெய்வா வெள்ளை ஆடையில், சாராயப் புட்டியுடனும் நிலக்கடலைக் குழம்புடனும் வந்தார். "எங்க என் பொண்ணு? மூக்கு யாரு மாதிரி?"

"கோட்டுக்கு மூக்கு கிடையாது, மாமே" என்றாள் செர்வா. எங்கள் ஊரில் அம்மா என்பதற்கு மாமே.

"அப்போ உங்க ப்ரொஃப் ஜாடை."

பெயர்சூட்டலில் குழந்தையின் நாவில் நீரையும் சாராயத்தையும் தொட்டுவைத்து, நீரை நீரென்றும் சாராயத்தைச் சாராயமென்றும் சொல்லும்படி வாழ்த்துவார்கள். செர்வா இம்முறை திசுவை ஒரு குழியிலும் வெறும் நீரை மறு குழியிலும் இட்டிருந்தாள். புற ஊதா விளக்கைப் போட்டாள். குட்டைக் கோடு இரண்டிலும் மின்னியது.

"தண்ணி தண்ணியா இல்லையே, ப்ரொஃப். அப்போ இது திசுவில பொறந்ததில்ல. யார் கையோ தண்ணிக்குள்ள கொண்டுவந்து விட்டிருக்கு. இந்தக் குட்டை வடிவத்தை இங்க யாராவது செயற்கையா செஞ்சதுண்டா?"

பேராசிரியர் மார்பை நிமிர்த்தினார். "யாராவதா? நான்தாம்மா செஞ்சேன்! கல்யாணத்துக்கு முன்னாடி, என் கையாலேயே வெட்டி ஒட்டினது. இன்னும் உறைபெட்டியிலதான் இருக்கு. போன மாசம் வந்தவங்களுக்குக்கூட இந்தக் கையாலதான் எடுத்து ஊத்திக் காட்டினேன். செல்லமா கம்ஃபர்ட்னு…"

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வைக்கும் பெயரைச் சொல்லிவிட்ட வாயை அவர் கையால் பொத்திக்கொண்டார்.

"கம்ஃபர்ட்டா?" என்றார் அஜெய்வா. "யாருங்க அது?"

"கோடு."

"கோட்டுக்கு மூக்கே இல்லையாம், பேர் மட்டும் இருக்கா? அவ குடியிருந்த தண்ணிக்கா என் பேரை வைக்கப் பார்த்தீங்க?"

குழம்புச் சட்டியை அவர் செர்வாவின் மேசைக்கு நகர்த்தினார். சாராயத்தைத் தாமே ஊற்றிக்கொண்டார்.

புதிய புட்டி நீரும் புதிய உறிஞ்சுகுழலும் கொண்டு செர்வா சோதனையை மீண்டும் செய்தபோது திசுக் குழியில் நெட்டைக் கோடு மட்டுமே நின்றது. ஆய்வேட்டில் குட்டை வடிவத்தைப் பற்றிய பக்கங்களை நீக்கப் பேராசிரியரிடம் எப்படி இசைவு பெறுவது என்று அவள் யோசிப்பதற்குள், அவரே எழுதுகோலுடன் வந்துவிட்டார்.

"அந்தப் பக்கமெல்லாம் வேண்டாம்மா. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு. மாமே வாசல்ல நிக்கிறாங்க."