பரிவட்டத்துக்கு ஒரு கரடி

தேர்த் திருவிழாவில் பூசாரி கட்டும் பரிவட்டம் சாதாரண மஞ்சள் துணிதான். சந்தையில் கிடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் தேர் நிலையை விட்டு அசையும் முன் அந்தத் துணி வைத்திலிங்கத்தின் தலையில் ஏறியாக வேண்டும். அவருடைய அப்பா தலையில் ஏறியது, அவருக்கும் அப்பா தலையில் ஏறியது. பச்சைமலை அடிவாரத்து அந்த ஊரில் பெரிய வீடு என்றால் அவர்கள் வீடுதான். துப்பாக்கி லைசென்ஸ் உள்ள வீடும் அது ஒன்றுதான்.

யுத்த காலத்துப் பங்குனி ஒன்றில் இந்த முறைக்கு ஒரு குறுக்கீடு வந்தது. குறுக்கீட்டின் பெயர் கண்ணையன். வைத்திலிங்கத்தின் சித்தப்பா மகன்.

அரிசிக்குத் தட்டுப்பாடு. விடியலில் சொரியும் இலுப்பைப் பூவை அள்ளி வந்து வறுத்துத் தின்றுதான் ஊரில் பாதி வயிறு நிறைந்தது. அதே பூவுக்கு மலையிலிருந்து ஒரு கரடியும் இறங்கியது. பூ பொறுக்கப் போன கிருஷ்ணம்மாள் என்ற பெண்ணை அது மறித்தபோது, கண்ணையன் எரிகிற பந்தத்தைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்து விரட்டிவிட்டான். காட்டிலாகா ரேஞ்சர் மெச்சி அவனுக்கு ஒரு கறுப்புக் கம்பளி கொடுத்தார். சடை சடையாய் மயிர் தொங்கும் முரட்டுக் கம்பளி. கொளுத்தும் வெயிலிலும் அதைத் தோளில் போட்டுக்கொண்டே அலைந்தான். எதிர்ப்படும் போதெல்லாம் வைத்திலிங்கத்துக்கு அடிவயிறு காந்தியது.

திருவிழாக் கூட்டத்தில் நாட்டாண்மை கிருஷ்ணமூர்த்தி மெதுவாக ஆரம்பித்தார். "இந்த வருசம் பரிவட்டத்தக் கண்ணையனுக்குக் கட்டினா என்ன? அதுவும் ஒங்க வூட்டுப் புள்ளதானே."

"வெரட்டினவனுக்கே பரிவட்டம்னா, கொன்னவனுக்கு என்னய்யா கட்டுவீங்க?" என்றார் வைத்திலிங்கம்.

"கொன்னுட்டு வாங்க. அப்புறம் பேச்சே இல்ல" என்றார் நாட்டாண்மை.

கண்ணையன் மூக்குப்பொடியைச் சர்ரென்று இழுத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, எண்ணெ போட்டுத் தொடச்சுத் தொடச்சே துப்பாக்கி தேஞ்சிடப் போவுது. கரடி ஆப்புடலேன்னா சொல்லி அனுப்புங்க. இந்தக் கம்பளியப் போத்திக்கிட்டு நாலு கால்ல வந்து நிக்கிறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வைத்திலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கரடி விழும்வரை தோப்புப் பக்கம் யாரும் போகக் கூடாதென்று அன்று மாலையே தண்டோரா போடச் சொன்னார். மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன், தலையாரி அய்யம்பெருமாளைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனார். "மலைப்பக்கம் திரும்பி ஓடினா நீ கொரல் கொடு" என்று அவனை அந்தப் பக்கத்துப் புதரில் இருத்தினார். தான் மட்டும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார். துப்பாக்கியில் ஒரே தோட்டா. யுத்தம் வந்தபின் தோட்டா வாங்குவது எளிதாயில்லை.

காற்று அவர் முகத்துக்கு எதிரே வீசியது. இலுப்பைப் பூவின் புளித்த இனிப்பு மணம். பூக்கள் சருகின் மேல் சொத்துச் சொத்தென்று விழுந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் முதுகு விறைத்தது. நெருங்கிவிட்டால் கரடி முகத்தைத்தான் கிழிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். முகமில்லாத தலைக்கு யார் பரிவட்டம் கட்டுவார்கள்?

சர்ரென்று ஓர் உறிஞ்சல் கேட்டது.

மூக்குப்பொடி இழுக்கும் சத்தம். வைத்திலிங்கத்தின் பயம் அப்படியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. வந்துவிட்டான். சொன்னபடியே வந்துவிட்டான்.

பெரிய இலுப்பை மரத்தடியில் கறுப்பாய் ஒரு முதுகு அசைந்தது. சடை தொங்கியது. நாலு காலில் நகர்ந்து, பூவை உறிஞ்சுவது போல் பாசாங்கு செய்தது. அதன் பின் மனிதனைப் போலவே எழுந்து நின்று, ஒரு கையால் தாழ்ந்த கிளையை வளைத்தது. கரடி எங்காவது இப்படி நிற்குமா? நாளைக்கு ஊரெல்லாம் சொல்வான், அண்ணன் என்னைப் பார்த்து நடுங்கினார் என்று. தேருக்கு முன்னால் மஞ்சள் துணியோடு நின்று சொல்வான்.

கூப்பிட்டு அதட்டலாம் என்று வாய் திறந்தது. குரலுக்கு முந்தி இன்னொரு எண்ணம் வந்தது. அரை இருட்டு. கறுப்புக் கம்பளி. போகக் கூடாதென்று தண்டோரா போட்டாயிற்று. கரடின்னு நெனச்சேன் என்று சொன்னால் எந்தப் போலீஸும், எந்தப் பங்காளியும் மறுக்க முடியாது. அந்த வாக்கியம் அவர் நாக்கில் தயாராய் உட்கார்ந்திருந்தது.

விசையை அழுத்தினார்.

தோப்பு அதிர்ந்தது. கறுப்பு உருவம் சரிந்து ஓலமிட்டது. அடிபட்ட மனிதனின் அழுகையேதான் அது. "அம்மா" என்று கேட்டதாகக்கூட அவருக்குத் தோன்றியது. பிறகு ஒரு நீண்ட முனகல். அதுவும் அடங்கியது.

சித்தியின் முகம் வைத்திலிங்கத்தின் கண் முன் வந்தது. சின்ன வயதில் கண்ணையனை உப்புமூட்டை தூக்கியது ஞாபகம் வந்தது. "கரடின்னு நெனச்சேன்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

அய்யம்பெருமாள் புதரை விலக்கிக்கொண்டு ஓடினான். "ஐயா! விழுந்துடிச்சுங்க!"

"யாரு?" என்றார் வைத்திலிங்கம்.

அய்யம்பெருமாள் திரும்பி, ஒரு கணம் அவரையே பார்த்தான். "யாருன்னா? கரடிதாங்க ஐயா. ஆம்பளக் கரடி. நெஞ்சுலயே வாங்கியிருக்குது!"

தடுமாறி நடந்து போய்ப் பார்த்தார். நீண்ட நகங்கள், வெளுத்த மூக்கு, அதில் ஒட்டிய பூக்கள். கரடிதான். நெஞ்சில், அவர் குறிவைத்த அதே இடத்தில், காயம்.

வெடிச்சத்தம் கேட்டு ஊர் ஓடி வந்தது. எல்லாருக்கும் முன்னால் கண்ணையன், கம்பளி பறக்க. வந்தவன் அவரை அப்படியே கட்டிக்கொண்டான். "அண்ணே! நம்ம வூட்டு மானத்தக் காப்பாத்திட்டீங்க அண்ணே! கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்குது?"

"பனி" என்றார்.

கரடியைக் கம்பில் கட்டி, பறையடித்து ஊரைச் சுற்றினார்கள். அன்றைக்கே பெண்கள் கூடையோடு தோப்புக்குப் போனார்கள். பார்க்கிறவர்களெல்லாம் அவரைக் கும்பிட்டார்கள். இரவில் மட்டும் அந்த ஓலம் காதில் விழுந்தது. மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. ஒரு வீட்டின் பேர் ஒருவனுக்கு மட்டும் சொந்தமில்லை.

தேரன்று பூசாரி மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தான். வைத்திலிங்கம் கையை நீட்டித் தடுத்தார். பங்காளியின் நெஞ்சைக் குறிபார்க்கக் குனிந்த தலை அது. அதில் அப்பாவின் பரிவட்டம் ஏறுவதை அவரால் பொறுக்க முடியாது.

"தம்பிக்குக் கட்டு."

"என்னண்ணே இது? கொன்னது நீங்க. எனக்கு எதுக்கு?" கண்ணையன் பின்வாங்கினான்.

"கட்டிக்கன்னா கட்டிக்க. கோயில்ல நின்னு மறுபேச்சு பேசாதே."

"பெரிய வூடுன்னா பெரிய வூடுதான்யா" என்றார் நாட்டாண்மை. கூட்டம் ஆமோதித்தது. யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

துணியைக் கட்டிக்கொண்டு கண்ணையன் குனிந்து அவர் காலைத் தொட்டு நிமிர்ந்தான். மஞ்சள் அவன் தலைக்கு நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. பெண்கள் அவனையே பார்த்தார்கள். அடிவயிறு காந்தும் என்று வைத்திலிங்கத்துக்கு முன்பே தெரியும். காந்தியது.

அவர் தேர்வடத்தை எட்டிப் பிடித்தார். தலையில் ஒன்றுமில்லாமல், எல்லாரையும்விடப் பலமாக இழுத்தார்.